மூன்று வளைய மருந்துகளும் பசறைத் தோட்டங்களும்

இரசாயனவியலில் மூன்று வளையச் சேர்வைகள் என்றொரு குடும்பம் உண்டு. சாயத்தொழிலில் பிறந்து, மலேரியாக் காய்ச்சலோடு போராடி, பின்னர் மனநோய்க்கும் வலிப்புக்கும் நரம்புவலிக்கும் மருந்தாக வந்து சேர்ந்த குடும்பம் அது. காலமெல்லாம் செய்தியும் கட்டுரையும் எழுதிப் பிழைத்த ஒரு பத்திரிகைக்காரனுக்கு இரசாயனத்தில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதுதான்.

பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம், லயத்து வீடுகளில் சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கும் சிறிய கடதாசி உறைகள் என் கண்ணில் படுவதுண்டு. ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் அவற்றுள் இருக்கும். அவற்றில் சில இந்த மூன்று வளையக் குடும்பத்தைச் சேர்ந்தவை. விழுங்குகிறவருக்கு மாத்திரையின் பெயர் தெரியாது. அது எதற்காகத் தரப்பட்டது என்பதும் பல வேளைகளில் தெரியாது. அதனால் விளையும் துன்பத்தை நேரில் கண்டதனாலேயே இதை எழுத நேர்ந்தது.

முதலில் இந்த வளையங்கள் என்னவென்று பார்ப்போம். ஆறு காபன் அணுக்கள் கைகோத்து நிற்பது பென்சீன் வளையம். அத்தகைய இரண்டு வளையங்களை இரு பக்கமும் வைத்து, நடுவில் மூன்றாவது வளையம் ஒன்றால் இணைத்தால் நாம் பேசும் சேர்வையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும். மலையகத்து வாசகர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு லயத்தில் அடுத்தடுத்து இருக்கும் மூன்று காம்பராக்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காம்பராவின் சுவரே அடுத்த காம்பராவுக்கும் சுவர். அதைப்போலவே பக்கத்து வளையங்கள் ஒரு விளிம்பைப் பொதுவாக வைத்துக்கொள்கின்றன. நடுக்காம்பராவில் யார் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அந்தச் சேர்வையின் குணம் மாறிவிடுகிறது. அங்கே கந்தகமும் நைதரசனும் இருந்தால் ஒரு மருந்து. கந்தகத்தை வெளியேற்றி இரண்டு காபன்களைக் குடியேற்றினால் வேறொரு மருந்து. அதிலிருந்து தொங்கும் வாலை மாற்றினாலும் வேலை மாறும்.

இந்தக் கதை நீல நிறத்தில் தொடங்குகிறது. 1876ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஹைன்றிக் காரோ என்ற இரசாயனவியலாளர் துணிக்குச் சாயமேற்றுவதற்காக மெதிலீன் நீலத்தைத் தயாரித்தார். அதன் அடிப்படையான பீனோதயசீன் என்னும் மூன்று வளையச் சேர்வையை 1883இல் பேர்ண்ட்சென் என்பவர் தனியே உருவாக்கினார். அந்த நீலம் சில உயிரணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்துச் சாயமேற்றுவதைக் கவனித்தவர் போல் ஏர்லிக். ஒரு கிருமியைச் சாயம் தேடிப் பற்றிக்கொள்ளுமானால், அதே சாயத்தால் அந்தக் கிருமியைக் கொல்லவும் முடியலாம் அல்லவா என்று அவர் சிந்தித்தார். 1891இல் பேர்லினில் இரண்டு மலேரியா நோயாளிகளுக்கு மெதிலீன் நீலம் கொடுக்கப்பட்டது, இருவரும் குணமடைந்தனர். ஆய்வுகூடத்தில் செய்யப்பட்ட பொருளொன்று மலேரியாவுக்கு மருந்தானது அப்போதுதான்.

மலேரியா என்றதும் இலங்கையர் நினைவுக்கு வருவது 1934, 1935ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோய். சுமார் எண்பதாயிரம் உயிர்களை அது கொண்டுபோயிற்று. அக்காலத்தில் மக்கள் அறிந்திருந்த மருந்து கொயினா. அதன் மூலமான சின்கோனா மரத்தை நமது மலைநாட்டிலும் வளர்த்தார்கள். ஹக்கல பூங்கா 1861இல் திறக்கப்பட்டதே சின்கோனாவுக்காகத்தான். கோப்பி அழிந்து தேயிலை வருவதற்கு இடைப்பட்ட காலத்தில் பல துரைமார் சின்கோனா பயிரிட்டுப் பணம் பண்ணினர். பின்னர் விலை சரிந்ததும் மரங்களைப் பிடுங்கிவிட்டுத் தேயிலையை நட்டார்கள்.

1942இல் ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்ததும் உலகத்தின் கொயினா வரத்து அநேகமாக நின்றுபோயிற்று. அப்போது கைகொடுத்தது மெப்பக்ரின் என்னும் மஞ்சள் மாத்திரை. அதுவும் ஒரு மூன்று வளையச் சேர்வைதான். 1930களின் தொடக்கத்தில் ஜேர்மன் ஆய்வாளர்கள் உருவாக்கியது. அதை நாள்தோறும் விழுங்கியவரின் தோல் மஞ்சளாகும். ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் படையினரிடையே பரவியதால் பலர் அதைத் துப்பிவிட்டார்கள். பர்மாவில் போரிட்ட பதினான்காவது படையின் தளபதி ஸ்லிம், ஒவ்வொருவரும் மாத்திரையை விழுங்குகிறாரா என்பதை அணிவகுப்பில் நிறுத்திச் சோதிக்க ஆணையிட்டார். அதில் அசட்டையாக இருந்த மூன்று அதிகாரிகளைப் பதவியிலிருந்து நீக்கினார். அதன்பின் மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிற்று, காய்ச்சலும் குறைந்தது.

இராணுவத்தின் அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான் நமது தோட்டங்களில் ‘பெரட்டு’ ஆனது. பெரட்டுக்களத்தில் நிறுத்தி வேலை வாங்கலாம். ஆனால் ஒரு குடும்பத்துப் பெண்ணை மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கச் செய்வதற்குக் கட்டளை உதவாது. அவருக்கு விளங்கும்படி காரணத்தைச் சொல்லவேண்டும்.

யுத்தம் முடிந்தபின் இந்த வளையங்கள் மனத்தின் பக்கம் திரும்பின. பிரான்சில் பீனோதயசீனை வைத்து ஒவ்வாமை மருந்துகள் செய்துகொண்டிருந்தார்கள். பிரயாணத்தில் வாந்தி வராதிருக்கத் தரும் புரோமெதசின் அவற்றுள் ஒன்று. பதுளையிலிருந்து பசறைக்கும் லுணுகலைக்கும் வளைந்து வளைந்து செல்லும் பஸ்களில் ஏறியவர்கள் அதன் அருமையை அறிவர். அதே வரிசையில் 1950 டிசெம்பரில் போல் ஷார்பொந்தியே குளோர்புரோமசினை உருவாக்கினார். 1952இல் பாரிஸின் சென்ற் ஆன் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் வைத்தியர்கள் அதைக் கடுமையான மனநோயாளருக்குக் கொடுத்தபோது, ஆண்டுக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தவர்கள் தெளிவாகப் பேசத் தொடங்கினர்.

அடுத்த அடியை வைத்தவர் சுவிற்சர்லாந்து வைத்தியரான றோலண்ட் கூன். கைகி நிறுவனம் நடுவளையத்தை மாற்றிச் செய்த இமிப்பிரமின் என்ற மருந்தை அவர் சோதித்துப் பார்த்தார். குளோர்புரோமசின் தணித்த நோயை அது தணிக்கவில்லை. ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வில் கிடந்தவர்கள் சில வாரங்களில் எழுந்து நடமாடினர். 1957இல் சூரிச்சில் நடந்த உலக உளமருத்துவ மாநாட்டில் அவர் இதனை அறிவித்தபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேரளவில்தான். சாயத் தொழிலில் வளர்ந்த அதே கைகி நிறுவனத்தில்தான் 1939இல் போல் முல்லர் டீ.டீ.ரீ.யின் பூச்சிக்கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்தார். அதைத் தெளித்து இலங்கை மலேரியாவைப் பெரிதும் அடக்கியது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே அந்நோய் கண்டது. கவனம் தளர்ந்ததும் மறுபடி பெருகி, நெடுங்காலம் துன்புறுத்தி, 2016 செப்டெம்பரில்தான் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இமிப்பிரமினின் உடன்பிறப்புப் போன்றது 1961இல் விற்பனைக்கு வந்த அமிற்றிப்டிலின். மனச்சோர்வுக்காக வந்த அந்த மருந்து, குறைந்த அளவில் கொடுத்தால் ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்கும்; நீரிழிவினால் கால்களில் உண்டாகும் எரிவைக் குறைக்கும்; அக்கி வந்துபோன இடத்தில் தங்கிவிடும் வலியையும் தணிக்கும். கைகி நிறுவனத்தில் 1953இல் ஷின்ட்லர் உருவாக்கிய காபமசெப்பினும் மூன்று வளையம்தான். அது வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரப்படுவது. ஒரே மாத்திரை இவருக்கு ஒரு நோய்க்கும் அவருக்கு வேறொரு நோய்க்கும் போகிறது. தோட்டங்களில் குழப்பம் தொடங்குவது இந்த இடத்தில்தான்.

பசறைக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சந்தித்தேன். நீரிழிவினால் இரு பாதங்களும் இரவெல்லாம் எரியும். ஆஸ்பத்திரியொன்றில் இரவில் விழுங்க ஒரு சிறு மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில வாரங்களில் எரிவு தணிந்து நித்திரையும் வந்தது. கொழும்பில் கடையொன்றில் வேலை செய்யும் மகன் விடுமுறையில் வந்தபோது, அட்டையிலிருந்த பெயரைக் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். மனச்சோர்வுக்கான மருந்து என்று வந்ததாம்.

“அது பைத்தியக்காரங்களுக்குக் குடுக்குற மருந்தாம் ஐயா. எனக்கு என்ன பைத்தியமா புடிச்சிருக்கு?” என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார். மாத்திரையை அடுப்பில் போட்டுவிட்டாராம். எரிவு திரும்பிவிட்டது. நித்திரையில்லாத உடம்போடு மலையேற முடியாமல் வேலைநாள் குறைந்து, சம்பளமும் குறைந்துவிட்டது.

வேறொரு தோட்டத்தில் ஓர் இளைஞன். வலிப்புக்காகக் காபமசெப்பின் விழுங்கி வந்தவன். இரண்டு ஆண்டுகள் வலிப்பே வரவில்லை. கலியாணப் பேச்சு எழுந்ததும், பெண் வீட்டார் மாத்திரையைக் கண்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்று வீட்டார் அதை ஒரே நாளில் நிறுத்திவிட்டனர். வலிப்பு வராதிருந்ததே அந்த மாத்திரையால்தான் என்பதையும், திடீரென நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாக வரலாம் என்பதையும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் எவரும் சொல்லியிருக்கவில்லை. மூன்றாம் நாள் அவன் அடுப்படியில் விழுந்தான். இன்றும் வலது கை முழுவதும் தீக்காயத் தழும்பு.

வைத்தியர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கின்றன. வைத்தியர் சிங்களம் பேசுபவர், மருந்துச்சீட்டு ஆங்கிலத்தில், நோயாளி தமிழர். தமிழில் கேட்கவேண்டிய கேள்விகளைச் சிறு குறிப்புப் புத்தகத்தில் சிங்கள எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு பேசிய இளம் வைத்தியர் ஒருவரையும் நான் அறிவேன். ஆனால் 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தினால் அரசகரும மொழியாகிய தமிழ், மாத்திரை உறைவரை வந்து சேர்வது ஒருசிலரின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது.

மருந்தின் பெயர் மக்களுக்குச் சொந்தமானது என்று வாதாடிய ஒருவர் நம்மிடையே இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலை. பசறையிலிருந்து லுணுகலை வழியே இறங்கினால் வரும் பிபிலை என்ற ஊரின் பெயரே அவருடைய பெயரிலும் இருக்கிறது. இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் அவர். ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் விற்கப்படுவதால் ஏழைகள் ஏமாற்றப்படுகிறார்கள். மருந்தை அதன் பொதுப்பெயரால் எழுதுங்கள், தேவையானதை மட்டும் இறக்குமதி செய்யுங்கள் என்றார். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து அவர் தயாரித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் உருவாகியது. சுமார் 2,100 ஆக இருந்த இறக்குமதி மருந்துகளின் பட்டியல் ஏறக்குறைய 600 ஆகச் சுருக்கப்பட்டது. 1977இல் கயானாவில் அவர் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். அமிற்றிப்டிலினும் குளோர்புரோமசினும் அந்தப் பட்டியலில் இருந்தன.

பிபிலை சொன்னதில் பாதி நடந்திருக்கிறது. மருந்தின் பொதுப்பெயர் சீட்டுக்கு வந்தது. அந்தப் பெயரும் அதன் காரணமும் தமிழில் நோயாளியின் கைக்கு வருவது மீதிப் பாதி. உறையின் மேல் மூன்று வரி போதும்: மருந்தின் பெயர், உங்களுக்கு எதற்காகத் தரப்படுகிறது, வைத்தியரைக் கேளாமல் நிறுத்தலாமா கூடாதா. இதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. ஓர் இறப்பர் முத்திரை போதும். அமிற்றிப்டிலினுக்கு மேலும் சில சொல்லலாம். மனச்சோர்வுக்குத் தரும்போது குணம் தெரியச் சில வாரங்கள் செல்லும். முதல் நாட்களில் வாய் வறளும், தூக்கம் அசத்தும், மலம் இறுகும். அதைக் கண்டு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு வாரத்தில் நிறுத்திவிடக்கூடாது. இருதய நோய், கண்ணமுக்க நோய் இருந்தால் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் இருதயத்தைத் தாக்கும் மருந்து இது என்பதால், சாமிப்படத்துக்குப் பின்னால் வைக்காமல் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைக்கவேண்டும்.

ஊவாவில் பிறந்து இன்று கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து அம்மாவோ சித்தியோ மாத்திரை அட்டையைப் படமெடுத்து அனுப்பும்போது, இணையத்தில் முதலில் தென்படும் வரியை வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என்ன நோய்க்காகக் கொடுத்தார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டுவரச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால், கேள்வியைச் சிங்களத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒன்று எல்லா லயத்திலும் இன்று இருக்கிறது.