முதுகு வலியா? மெத்தையைப் பிரித்துப் பாருங்கள்!

நாற்பதைத் தாண்டிய பெண் "இடுப்பு வலிக்கிறது" என்று சொன்னால் போதும், வீட்டில் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும். "வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும்!" பிள்ளை பெற்ற உடம்பு, நாளெல்லாம் குனிந்து நிமிர்கிற உடம்பு, வலிக்காமல் என்ன செய்யும் என்பார்கள். எங்கள் வீட்டிலும் எட்டு மாத காலம் எனக்கு இந்தப் பதில்தான் கிடைத்தது.

காலை 5 மணிக்கு எழுந்தால் நடு இடுப்பில் கட்டையை வைத்துக் கட்டின மாதிரி இருக்கும். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்க முடியும். கோலம் போடக் குனிய முடியாமல், ஸ்டூலில் உட்கார்ந்தபடி நாலு இழை இழுத்துவிட்டு வருவேன். ஆனால் 9 மணிக்கு இவரும் பெண்ணும் கிளம்பிப் போகிற நேரத்தில் வலி போன இடம் தெரியாது. டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "எலும்பில் ஒன்றுமில்லை, தசைப் பிடிப்புதான்" என்று மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் வலி அடங்கும், வயிறு எரியும்.

இந்த நிலையில்தான் தங்கை பெண்ணின் கல்யாணத்துக்காகத் திண்டுக்கல் போய் ஐந்து இரவு தங்கினேன். படுக்கை, பலகைக் கட்டிலில் ஒரு சாதாரணப் பஞ்சு மெத்தை. சீர் பட்சணம், விருந்தாளி உபசரிப்பு என்று வீட்டில் செய்வதைப் போல் இரண்டு பங்கு வேலை. ஆனால் மூன்றாம் நாள் காலையில் எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றேன். "என்னக்கா, இவ்வளவு வேலை பாத்தும் இடுப்பு வலிக்குதுன்னு சொல்லவே இல்லையே?" என்று தங்கையே கேட்டாள். மதுரைக்குத் திரும்பிய இரண்டாம் நாள் காலையில் பழைய வலி அப்படியே வந்து உட்கார்ந்துகொண்டது. வயசு திண்டுக்கல்லில் குறைந்து மதுரையில் ஏறுமா, சொல்லுங்கள்!

எங்கள் மெத்தை மூன்றடுக்கு மெத்தை. அடியில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய தேங்காய் நார் 4 அங்குலம், நடுவில் இயற்கை ரப்பர் 2 அங்குலம், மேலே இலவம்பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஜிப் வைத்த உறை. வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. நடுவில் பள்ளம் விழுந்திருப்பது விரிப்பை இழுத்துப் போட்டாலே தெரியும்.

ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "மேலே ஒரு ரஜாயை மடிச்சுப் போடுங்க, சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமி. "தரையிலே பாயைப் போட்டுப் படு. எங்கம்மா கடைசி வரைக்கும் அப்படித்தான் படுத்தாங்க" என்றார் என் கணவர். புது மெத்தை வாங்கலாம்தான். ஆனால் பெண்ணுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது.

குழி விழுந்த தரையில் பாய் விரித்தால், பாயும் குழியாகத்தான் கிடக்கும். ரஜாயின் கதையும் அதுதான். வெறும் தரையில் படுத்தால் தோளும் இடுப்பும் அழுந்துமே தவிர, நடுமுதுகுக்குத் தாங்கல் இருக்காது. "கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது" என்று காலம் காலமாகச் சொல்கிறோம். ஸ்பெயின் நாட்டில் நாள்பட்ட முதுகு வலிக்காரர்கள் 313 பேரில் ஒரு பாதிப் பேருக்குக் கெட்டி மெத்தை, மறுபாதிப் பேருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்திருக்கிறார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்ததாம். 2003-ல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் வந்ததை என் பெண் படித்துச் சொன்னாள். ஆக, பலகையும் வேண்டாம், பள்ளமும் வேண்டாம். நம் உடம்பில் கனமான இடம் இடுப்பு. அது பள்ளத்தில் இறங்கினால் முதுகெலும்பு தொட்டில் மாதிரி வளைகிறது. அதைத் தாங்கிப் பிடிக்க முதுகுத் தசை ராத்திரி முழுக்க வேலை செய்கிறது. பிறகு காலையில் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தையைப் பிரிக்க உட்கார்ந்தோம். முதலில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரு நூலை விறைப்பாகப் பிடிக்கச் சொல்லி, இடுப்பு வருகிற இடத்தில் ஸ்கேலை வைத்து அளந்தேன். நான் படுக்கிற பக்கம் ஒன்றே முக்கால் அங்குலப் பள்ளம். பிறகு ஜிப்பைத் திறந்து மூன்று அடுக்கையும் தனித்தனியாகத் தரையில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நூல் பிடித்துப் பார்த்தோம். நாரில் அரை அங்குலம் அமுங்கியிருந்தது. ரப்பரில் ஒன்றுமே இல்லை. பஞ்சு, இடுப்பு வருகிற இடத்தில் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் துணியோடு துணி ஒட்டிக் கிடந்தது. கடைசியாகக் கட்டிலைப் பார்த்தால், குறுக்குச் சட்டம் இரண்டு கீழே தொய்ந்திருந்தது. மெத்தையைத் திட்டிக்கொண்டிருந்தோமே, பாதிக் குற்றம் கட்டிலுடையது!

கீழேயிருந்து மேலே என்று வரிசையாகச் சரி செய்தோம். தச்சரைக் கூப்பிட்டு இரண்டு சட்டத்தையும் மாற்றி, மேலே அரை அங்குல பிளைவுட் பலகை போட்டோம். பலகையில் வரிசையாக ஓட்டை போடச் சொன்னேன். அடியில் காற்றோட்டம் இல்லாவிட்டால் நாரில் ஈரம் தங்கிப் பூசணம் பிடிக்கும். நார் அடுக்கைக் குப்புறத் திருப்பி, தலைமாட்டைக் கால்மாடாக்கினோம். கீழே போன பள்ளத்தின் அளவுக்குப் பழைய ஜமக்காளம் ஒன்றை வெட்டி மடித்து அடியில் கொடுத்தேன். முட்டுக் கொடுப்பதைக் கீழே கொடுத்தால் மேலே சமமாக நிற்கும்.

பஞ்சுக்கு மெத்தை தைப்பவரை வரவழைத்தோம். "இலவம்பஞ்சை வில்லு போட்டு அடிக்கக் கூடாதும்மா, தூளாப் போயிடும். கையாலதான் பிரிக்கணும்" என்றார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, மொட்டை மாடியில் பஞ்சைப் பிரித்து, பறக்காமல் பழைய கொசுவலையால் மூடி, இரண்டு நாள் வெயில் காட்டினார். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழல் மாதிரி காலியாக, காற்று நிரம்பியிருக்கும். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் ஒட்டாது. ஒரு காலத்தில் தண்ணீரில் மிதக்கும் சட்டைகளுக்குக்கூட இதைத்தான் அடைத்தார்கள். வெயில் பட்டதும் அது பொங்கி எழுவதைப் பார்க்க வேண்டுமே! தூளானதை உதறித் தள்ளிவிட்டு, போடிநாயக்கனூர்ப் பக்கத்துப் புதுப் பஞ்சு இரண்டு கிலோ சேர்த்தார். "அண்ணே, இது மறுபடியும் ஒதுங்காம இருக்க என்ன வழி?" என்று கேட்டேன். "தையலை நெருக்கிப் போட்டாப் போதும்மா" என்று, முன்பு ஒரு சாண் இடைவெளியில் இருந்த குத்துத் தையலை நாலு விரற்கடைக்கு ஒன்றாகப் போட்டுக் கொடுத்தார்.

ரப்பரை மட்டும் யாரும் வெயிலில் போட்டுவிடாதீர்கள். வெயில் பட்டால் மஞ்சளித்து உதிர ஆரம்பிக்கும். நாருக்குக் காற்று, ரப்பருக்கு நிழல், பஞ்சுக்கு வெயில். இந்த மூன்றையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்து, புது மெத்தை விலையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மறுபடி நூல் பிடித்தபோது பள்ளம் கால் அங்குலத்துக்கும் குறைவு. வலி ஒரே நாளில் ஓடிவிடவில்லை. முதல் வாரம் உடம்பு பழகவில்லை, புரண்டு புரண்டு படுத்தேன். மூன்றாம் வாரத்தில் மாத்திரையை நிறுத்தினேன். இப்போது மார்கழிக் கோலத்தை நின்று குனிந்துதான் போடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடு மாற்றுவது என் கணவரின் பொறுப்பு. ஒருமுறை அவரே நூலை எடுத்துக்கொண்டு வந்து அளந்ததைப் பார்த்து என் பெண் சிரித்துவிட்டாள்!

படுக்கிற முறையும் முக்கியம். ஒருக்களித்துப் படுத்தால் முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் ஒன்று. எழும்போது நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கையை ஊன்றி எழுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காலையில் வலித்து, நடமாட நடமாடக் குறைகிறது, வேறு வீட்டில் படுத்தால் வலிப்பதில்லை என்றால் படுக்கையைச் சந்தேகப்படலாம். வலி காலில் இறங்கினாலோ, கால் மரத்தாலோ, காய்ச்சல் சேர்ந்து வந்தாலோ, படுத்திருக்கும்போதே அதிகமானாலோ மெத்தையைப் பிரித்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போங்கள். சிறுநீர், மலம் கழிப்பதில் மாற்றம் தெரிந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சகோதரிகளே, வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டால் பிளக்கைப் பார்க்கிறோம், ஒயரைப் பார்க்கிறோம், பிறகுதான் பழசாகிவிட்டது என்று முடிவு கட்டுகிறோம். நம் உடம்பை மட்டும் எடுத்த எடுப்பிலேயே பழசு என்று சொல்லிவிட விடலாமா? அடுத்த முறை யாராவது "வயசாச்சில்ல" என்றால், ஒரு நூலும் ஸ்கேலும் எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போங்கள்.