ரசீது இல்லாத பெல்ட்

ஜமுனாமரத்தூருக்குக் குடிவந்த பின், 2014-ஆம் வருடத்து ரெனோ டஸ்டர் டீசல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஒரகடத்தில் தயாரானது. மீட்டர் 68,000 கிலோமீட்டர் காட்டியது. போளூர் மெக்கானிக் முதலில் கேட்டது: "டைமிங் பெல்ட் மாத்தினதுக்கு பில் இருக்குங்களா ஐயா?" பில் இல்லை. 'மாத்தியாச்சு' என்று விற்றவர் வாயால் சொன்னதுதான்.

எல்லா டீசல் காருக்கும் இந்தக் கவலை கிடையாது. ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது சங்கிலி. டஸ்டரின் 1.5 லிட்டர் எஞ்சினில் ரப்பர் பெல்ட். புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்த எனக்கு அது 'கூர்வா த திஸ்த்ரிபுசியோன்'. அறுந்தால் வால்வுகளில் பிஸ்டன் மோதும். எஞ்சினையே பிரிக்க வேண்டிவரும். மலை வளைவில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் மிதி கல்லாகும். பின்சீட்டில் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள்.

ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். ஆகவே கிலோமீட்டர், வருடம் இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

குமாஸ்தாவுக்கு ஒரே விதிதான்: ஃபைலில் இல்லாதது நடக்கவில்லை. பெல்ட், டென்ஷனர், அதே பெல்ட்டில் சுற்றும் வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொன்னேன். பாதி மாத பென்ஷன் போயிற்று. ஆயிலும் ஃபில்டரும் புதிது. டீசல் எஞ்சினில் ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். நிறத்தைப் பார்க்காதீர்கள், தேதியைப் பாருங்கள்.

மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டை பானட்டுக்குள் ஒட்டியிருக்கிறேன். அடுத்து வாங்குபவருக்கும் உதவும்.