பன்னிரண்டாவது குப்பி

அப்பாவுக்கு இழுப்பு. இரவில் மூச்சு இரையத் தொடங்கினால் எழுந்து உட்கார்ந்து, நான்கு சர்க்கரை உருண்டைகளை நாக்கில் இட்டுக்கொள்வார். ஆர்சனிகம் ஆல்பம் 30. அந்த 30 என்னவென்று பதினோராம் வகுப்பில் மோல் கணக்கு படிக்கும்வரை எனக்குத் தெரியாது.

மூலப்பொருள் ஆர்சனிக் ஆக்சைடு. நம்மவர் சொல்லும் வெள்ளைப் பாஷாணம். மோலார் நிறை 198. அதாவது 198 கிராமில் 6.022 பெருக்கல் 10இன் அடுக்கு 23 மூலக்கூறுகள். (படிகத்தில் இவை இரண்டிரண்டாய்ச் சேர்ந்திருக்கும், எண்ணிக்கை பாதியாகுமே தவிர முடிவு மாறாது.) இதில் ஒரு பங்குக்கு 99 பங்கு வேறொன்றைச் சேர்க்கிறார்கள். அதில் ஒரு பங்கை எடுத்து மறுபடியும் 99. இப்படி முப்பது முறை. ஒவ்வொரு முறையும் இரண்டு சுழிகள் உதிரும். பன்னிரண்டாவது குப்பியில் 198 கிராம் எடுத்தாலும் ஒரு முழு மூலக்கூறு தேறாது. முப்பதாவதில் ஒன்றைச் சந்திக்க வேண்டுமானால் லட்சம் சூரியன்களுக்கும் மேற்பட்ட எடைக்கு மருந்து விழுங்கவேண்டும்.

ஹானிமனை இதற்காக நான் குறைசொல்ல மாட்டேன். அவர் 1843இல் இறந்தார். மூலக்கூறுகளின் அளவை லோஷ்மிட் ஏறத்தாழக் கணித்தது 1865இல்தான். 1856இல் மறைந்த அவகாட்ரோவுக்கே தன் பெயர் தாங்கிய எண் தெரியாது. பெரென் 1908 முதல் நீரில் மிதக்கும் பிசின் துகள்களை நுண்ணோக்கியில் எண்ணி எண்ணித்தான் அது நிலைபெற்றது. பின்னால் வந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

தாளை அப்பாவிடம் நீட்டினேன். கணக்கெழுதிப் பிழைத்தவர். பென்சிலால் சுழிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார். "கணக்கு சரிதான்" என்றார். அன்றிரவும் நான்கு உருண்டைகள்.

எனக்கு அப்போது வென்ற பெருமிதம் மட்டுமே இருந்தது. அவரை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும் என்று தோன்றவேயில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து உதடு நீலம் பாரித்த ஒரு விடிகாலையில்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தார்.

இன்ஹேலர் வாங்கிவந்த அன்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல எத்தனைடா இருக்கு?"

ஒரு முறை அழுத்தினால் 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். மோலார் நிறை 239. பழைய பழக்கத்தில் தாளெடுத்துப் போட்டேன். ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு கோடி கோடி.

"அவ்வளவு வேண்டியிருக்கா எனக்கு?" என்றார் அப்பா.