அம்மாவின் இடது கை

அம்மா புனே வந்து எட்டு மாசம் ஆச்சு. ஊர்ல மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் பண்ணினப்போ அக்குள்ல இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துட்டாங்க. ரேடியேஷனும் முடிஞ்சு, தப்பிச்சோம்னு மூச்சு விட்டப்போதான் இடது கை வீங்க ஆரம்பிச்சது. "ஒண்ணுமில்லட்டி, ஒருக்களிச்சுப் படுத்துட்டேன்"னு சேலைத் தலைப்பால மூடிக்குவாங்க. ஒருநாள் வளையல் கழறவே இல்லை. சோப்பு போட்டும் வரலை. நகைக்கடைக்குக் கூட்டிட்டுப் போய் அறுத்து எடுத்தோம். அப்பா போட்ட வளையல். அம்மா வாயே திறக்கலை.

அடுத்து நான் பண்ணினதுதான் முட்டாள்தனம். தினமும் ராத்திரி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, சுளுக்குக்கு நீவுற மாதிரி அழுத்தி நீவி விட்டேன். வெந்நீர்ப் பை வேற. வீக்கம் கூடினதுதான் மிச்சம்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு மராத்திப் பெண். பொறுமையா விளக்கினாங்க. இதுக்குப் பேர் லிம்ஃபெடிமா. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கு. நிணநீருக்கு அப்படித் தனி பம்ப் கிடையாது. நாளங்கள் தாமே மெல்லச் சுருங்கறதும், தசை அசைவும், மூச்சும்தான் அதை நகர்த்துது. தோலுக்குக் கீழேயே மெல்லிசா ஓடற நாளங்கள், அதனால தோல் மட்டும் லேசா நகர்ந்தா போதும், அழுத்தக் கூடாது. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930கள்ல உருவாக்கின முறையாம்.

ஆச்சரியம் என்னன்னா, வீங்கின கையைக் கடைசியிலதான் தொடணும். முதல்ல வயிறு நிறைய மூச்சு. அப்புறம் கழுத்து, நல்லா இருக்கிற வலது அக்குள், தோள், மேல்கை, கடைசியா மணிக்கட்டு. நான் மொழிபெயர்த்துச் சொல்லி முடிக்கலை, அம்மா சொன்னாங்க: "வடிகாலைத் தூர்வாராம மடையத் தொறந்தா வயலு மூழ்கத்தானட்டி செய்யும்." தாமிரபரணி வாய்க்கால் பார்த்து வளர்ந்தவங்களாச்சே!

அப்புறம் அழுத்த உறையைக் கையில மாட்டிக்கிட்டு உடற்பயிற்சி. விரலை மடக்கி விரிக்கறது, முழங்கையை மடக்கி நீட்டறது, தோளைச் சுழற்றறது. ஒவ்வொண்ணும் பத்து தடவை, நிதானமா. ஹிந்தியே தெரியாத அம்மா இப்ப "ஏக், தோன், தீன்"னு மராத்தியில எண்றாங்க.

வீட்ல யாருக்காவது இப்படி இருந்தா, தயவுசெஞ்சு நீங்களா ஆரம்பிக்காதீங்க. தெரிஞ்ச தெரபிஸ்ட்கிட்ட நேர்ல கத்துக்கோங்க. கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தா தொடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க. சின்னக் கீறல் பட்டாலும் கழுவி மருந்து போடணும்.

முழுசா குணமாயிடும்னு யாரும் சொல்லலை. தினமும் பார்த்துக்கணும், அவ்வளவுதான். டெய்லர் டேப்பால அளந்து காலண்டர் பின்னாடி எழுதி வைக்கிறேன். ரெண்டு கைக்கும் 4 செ.மீ. வித்தியாசம் இருந்தது, இப்ப 2.

தை மாசம் பாளையங்கோட்டையில அக்கா மகள் கல்யாணம். "நான் வரலை, எல்லாரும் கையைக் கேப்பாவ"ன்னு அடம் பிடிச்சாங்க. நானும் விட்டுட்டேன். நேத்து ஆபீஸ் கிளம்பறப்போ பட்டு ஜாக்கெட் ஒண்ணை நீட்டினாங்க.

"இடது கைய மட்டும் ரெண்டு விரக்கடை பிரிச்சுத் தைக்கச் சொல்லுட்டி."