கொங்குத் திரையில் "ங்க" யாருக்கு?

துடியலூரில் பஸ் ஏறிக் காந்திபுரம் போகிறவர்களுக்குக் கவுண்டம்பாளையம் ஒரு ஸ்டாப். 2024 ஆகஸ்ட் 9 அன்று அந்தப் பெயரிலேயே ஒரு படம் வந்தது. நடிகர் ரஞ்சித் இயக்கி நடித்தது. "நம்ம ரோட்டுப் பேர்ல படம் வந்திருக்கு, பாத்தீங்களாண்ணா?" என்று கல்லூரித் தம்பிகள் விடாமல் கேட்டதால் பார்த்துத் தொலைத்தேன். அதே சூட்டில், விட்டுப்போன படங்கள் சிலவற்றையும் ஏற்கெனவே பார்த்த இரண்டையும் இந்த மாதம் பார்த்து முடித்தேன். ஒவ்வொன்றுக்கும் மார்க் போடும் வேலை எனக்கு வேண்டாம். நம்ம பக்கத்தைச் சினிமா எப்படிக் காட்டுகிறது என்பதுதான் என் கவலை.

கவுண்டம்பாளையம் "நாடகக் காதல்" பற்றிய படம் என்று எடுத்தவர்களே சொல்லிவிட்டார்கள். நம் பையன்கள் திட்டம் போட்டு அடுத்த சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்ற பழைய பிரச்சாரம்தான். 2012இல் தர்மபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நம் ஊர்கள் எரிந்தபோது எந்தப் பேச்சு அதை நியாயப்படுத்தியதோ, அதே பேச்சு டிக்கெட் போட்டு வந்திருக்கிறது. படம் வெளியான சில நாளில் ரஞ்சித், ஆணவக் கொலை வன்முறை இல்லை, பெற்றோரின் அக்கறை என்ற பொருளில் பேசினார். படமாக அதைப் பற்றிச் சொல்ல எனக்கு எதுவுமில்லை. அந்த "அக்கறை" என்ற வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது.

ஏனென்றால் கவுண்டம்பாளையம், துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை என்று அதே ரோட்டில் நேராகப் போனால் மேட்டுப்பாளையம். 2019 ஜூனில் அங்கே காதலித்த இரண்டு பேரைப் பையனின் அண்ணனே வெட்டினான். தம்பி அங்கேயே செத்தான். அந்தப் பெண் சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தாள். கொன்றவனுக்கு 2025 ஜனவரியில் கோவை சிறப்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. (தூக்குத் தண்டனை பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது இன்னொரு நாள்.) அந்த ஜோடியில் பட்டியல் சாதி பையன் இல்லை, பெண். நாடகக் காதல் என்று படம் எடுப்பவர்கள் தயவுசெய்து சொல்லட்டும், அந்த நாடகத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன வேஷம்?

கொங்குச் சீமை சினிமாவுக்குப் புதிசு இல்லை. சின்னக் கவுண்டர், நாட்டாமை காலத்திலிருந்து பொள்ளாச்சி, கோபிச்செட்டிபாளையம் வயல்களைப் பார்த்தே தமிழ்நாடு "கிராமம்" என்றால் இதுதான் என்று பழகியது. தெற்கத்திக் கதையான தேவர் மகனைக்கூடப் பொள்ளாச்சியில்தான் எடுத்தார்கள். தென்னை, வாய்க்கால், வெள்ளை வேட்டி, பெரிய வீட்டுத் திண்ணை. தோப்பில் தேங்காய் பறித்தவர், வாய்க்கால் வெட்டியவர், செத்த மாட்டைத் தூக்கியவர் எல்லாம் பிரேமுக்கு வெளியே.

அப்புறம் அந்தப் பேச்சு. "ஏனுங்க, வாங்க, சொல்லுங்க" என்று கோவைத் தமிழுக்கு மரியாதைத் தமிழ் என்று பட்டம் கொடுத்துக் காமெடிக்கும் வைத்தாயிற்று. அந்த "ங்க" எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் போகாது என்று எந்தக் காமெடியும் கேட்கவில்லை. என் தாத்தாவுக்கு எழுபது வயதில், தோட்டத்துக்கார வீட்டில் எட்டாவது படிக்கும் பையன் "டேய், இங்க வா" என்பான். தாத்தா "சொல்லுங்க சாமி" என்பார். மரியாதை அந்தப் பையனுக்குத் தெரியாமல் இல்லை. டீக்கடைக்காரரை அவன் "அண்ணா" என்றுதான் கூப்பிடுவான்.

இதைச் சரியாகக் காதில் வாங்கிய ஒரே படம் என்றால் நான் சேத்துமானைத்தான் சொல்வேன். தமிழ் இயக்கி, பா.ரஞ்சித்தின் நீலம் தயாரித்து, 2022 மே மாதம் சோனி லிவ்வில் வந்தது. பெருமாள்முருகனின் "வறுகறி" கதை, வசனமும் அவரே. பேரனை எப்படியாவது படிக்க வைக்க நினைக்கும் பூச்சி என்ற கிழவர், அவரை வேலை ஏவும் வெள்ளையன் என்ற நிலக்காரர். வெள்ளையனுக்குப் பன்றிக்கறி தின்ன ஆசை. வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது, மனைவிக்கு அருவருப்பு. ஆகவே ஆள் சேர்த்து, பங்கு போட்டு, ஊருக்கு ஒதுங்கிய இடத்தில் அறுத்து வறுக்க வேண்டும். அதற்குப் பூச்சி வேண்டும். எந்தக் கறியைச் சொல்லி நம்மைக் கேவலமாகப் பேசினார்களோ, அதே கறிக்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நம்மிடமே வருகிறார்கள். கறியைத் தின்ற பிறகும் நாம் நிற்கும் இடம் மாறுவதில்லை.

படம் கத்தவில்லை. வெள்ளையனைப் பேயாகக் காட்டவில்லை, சில இடங்களில் அந்த ஆளைப் பிடித்துக்கூட விடும். பூச்சியிடம் பிரியமாகத்தான் இருக்கிறான், ஆனால் ஒருமையில் இருக்கிறான். பூச்சியின் "ங்க" திரும்பி வருவதே இல்லை. பின்னணியில் 2017, ராம்நாத் கோவிந்த் ஜனாதிபதி ஆகப்போகிறார் என்று டிவி சொல்கிறது. அந்தச் செய்திக்கும் பூச்சியின் முதுகுக்கும் எவ்வளவு தூரம் என்று படம் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முடிவை நான் சொல்லப்போவதில்லை. எங்கள் வீட்டில் அம்மா பார்த்துவிட்டு, பன்றி அறுக்கும் இடத்தில் "மஞ்சத்தூள் பத்தாது" என்றார். கடைசியில் எழுந்து போய்விட்டார். இரண்டும் விமர்சனம்தான்.

மாமன்னன் இதற்கு நேர் எதிர். சேலம் பக்கம், தனித் தொகுதி, எம்எல்ஏவாக இருந்தும் ரத்னவேலு முன் நின்றுகொண்டே பேசும் வடிவேலு. "உட்காருங்கப்பா" என்று மகன் அப்பாவை நாற்காலியில் உட்கார வைக்கும் இடத்தில் யாருக்கும் கண் கலங்கும். ஆனால் 2023 ஜூலையில் நெட்பிளிக்ஸில் வந்த பிறகு நடந்தது என்ன? பகத் பாசிலின் ரத்னவேலுவை வெட்டி எடுத்து, சாதிப் பாட்டைச் சேர்த்து, ஸ்டேட்டஸ் வைத்துக் கொண்டாடினார்கள். மாரி செல்வராஜைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரத்னவேலுவின் நடையையும் முறைப்பையும் அந்தக் கேமரா ரசித்துத்தான் எடுத்திருக்கிறது. வெட்டி எடுக்கத் தோதாக எடுத்தால் வெட்டத்தான் செய்வார்கள். சேத்துமானிலிருந்து யாராலும் ஒரு ஸ்டேட்டஸ் வெட்ட முடியவில்லை பாருங்கள்.

நந்தன் (2024 செப்டம்பர்) தனி ஊராட்சித் தலைவர் கதை. இரா.சரவணன் எடுத்துக்கொண்ட விஷயம் பெரிசு. சசிகுமாரை இவ்வளவு வெகுளியாக, பச்சைப்பிள்ளை மாதிரி காட்டியதுதான் எனக்கு ஒட்டவில்லை. நம் ஆட்கள் நிற்பது விவரம் தெரியாமல் இல்லை, விவரம் தெரிந்துதான். கோவை மாவட்டம் ஜே.கிருஷ்ணாபுரம் ஊராட்சியின் பெண் தலைவர் 2020இல், நாற்காலியில் உட்காரவும் போர்டில் பெயர் எழுதவும் விடவில்லை என்று புகார் கொடுத்தார். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது கடைசியில் நிஜத் தலைவர்கள் வந்து பேசும் பகுதி. அதையே முழுப் படமாக எடுத்திருக்கலாம்.

அதே நாளில் வந்த லப்பர் பந்து சிரிக்க வைத்தது. சொந்த ஊர் டீமில் இடம் கிடைக்காமல் ஊர் ஊராக கெஸ்ட் பிளேயராகப் போகும் அன்பு மாதிரி எங்கள் பக்கம் நாலு பேரைக் காட்டுவேன். ஒருத்தன் இப்போது லேத் பட்டறையில் இருக்கிறான். நல்ல லெஃப்ட் ஹேண்டர்.

இனி வரவேண்டிய படம் ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடிகாலை, பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து விழுந்து நம் மக்கள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். நியாயம் கேட்டுப் போனவர்களைத்தான் போலீஸ் அடித்தது. அதை யாராவது எழுதிக்கொண்டிருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுவர் விழும் சத்தத்தோடு ஆரம்பிக்காதீர்கள். அது எழும்பிய நாட்களிலிருந்து ஆரம்பியுங்கள்.

சேத்துமானைப் பார்க்காதவர்களுக்காக ஒரு சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீதியிலேயே திரை கட்டிப் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கடனாக புரொஜெக்டர் தர யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஸ்பீக்கர் இருக்கிறது.