"நீங்க குடுத்துட்டீங்களாம்மா?"

நேரலையில் மாட்டிக்கொள்வது எங்கள் தொழிலில் சகஜம். அன்று நான் ஒரு நேயரிடம் மாட்டினேன். மரபணு ஆய்வுகளில் இந்தியர்கள் இன்னும் அதிகமாகப் பங்கேற்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் பேசி முடித்திருந்தேன். தேக்காவில் கடை வைத்திருக்கும் ஒருவர் தொலைபேசியில் வந்து கேட்டார்: "நீங்க குடுத்துட்டீங்களாம்மா?"

பாட்டைப் போட்டுத் தப்பித்தேன்.

கொடுக்கவில்லை. ஓர் ஆய்வுக்கான அழைப்புக் கடிதம் மூன்று மாதமாக எங்கள் வீவக வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தோடு தொங்கிக்கொண்டிருந்தது. காரணம் அம்மா. "பரம்பரை வியாதின்னு எங்கேயாவது எழுதி வெச்சுட்டா, நாளைக்கு உன் தங்கச்சியை யாரு பொண்ணு கேட்டு வருவா?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அப்பா 49 வயதில் போனார். பெரியப்பா 52இல். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் வைத்த பெயர் 'திடீர்னு நெஞ்சு வலி'. பரம்பரை என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை.

நிகழ்ச்சிக்காகப் படித்தபோது ஒரு தகவல் கண்ணில் பட்டது. இதயத் தசைக்கு வேண்டிய ஒரு புரதத்தை உருவாக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது, தெற்காசியர்களில் நூற்றில் ஏறக்குறைய நான்கு பேரிடம் உண்டு. தண்டபாணியும் சக ஆய்வாளர்களும் 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வந்துவிடாது. ஆனால் இதயம் பலவீனமாகும் ஆபத்து கூடுகிறது. ஐரோப்பியர்களிடம் இது கிட்டத்தட்ட இல்லை. அவர்களுடைய ரத்தத்தை மட்டும் சேமித்து வைத்திருந்தால், நம் ஆட்களின் 'திடீர்' இன்னும் திடீராகவே இருந்திருக்கும்.

சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2019இல் 'செல்' இதழில் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதி விவரங்களை வெளியிட்டார்கள். அதில் இந்தியர்கள் 1,127 பேர். கிடைத்த 98 மில்லியன் மாற்றங்களில் பாதிக்கும் மேல் அதுவரை எங்கும் பதிவாகாதவை. பிறகு வந்த 'பிரிசைஸ் எஸ்ஜி100கே' திட்டத்தின் இலக்கு 100,000 பேர். இத்தனையும் தெரிந்தும் கடிதம் காந்தத்திலேயே இருந்தது.

காப்புறுதிதான் பயம் என்றால் அதற்குப் பதில் உண்டு. சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021இல் கொண்டுவந்த ஏற்பாட்டின்படி, ஆய்வுக்காகக் கொடுத்த மாதிரியின் மரபணு முடிவைக் காப்புறுதி நிறுவனம் கேட்கக்கூடாது. மனித உயிரியல் மருத்துவ ஆய்வுச் சட்டமும் 2015 முதல் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் எடுக்கக்கூடாது. கொடுத்த பிறகும் விலகிக்கொள்ளலாம். ஆனால் அதுவரை நடந்துவிட்ட ஆய்விலிருந்து நம் தகவலைப் பிரித்தெடுக்க முடியாது. சிராங்கூன் ரோட்டு அடகுக் கடையில் வைத்த சங்கிலியாவது வட்டி கட்டினால் முழுசாகத் திரும்பி வரும்.

என்னை உறுத்தியது வேறு. கையெழுத்து என்னுடையது, ரத்தம் என்னுடையது மட்டுமில்லையே! பாதி அம்மாவுடையது. தங்கைக்கும் எனக்கும் சராசரியாகப் பாதி பொது. அமெரிக்காவின் '23அண்ட்மீ' நிறுவனத்தில் 2023இல் ஏறக்குறைய 6.9 மில்லியன் பேரின் தகவல் கசிந்தது. ஊடுருவியவர்கள் நேரடியாகத் திறந்த கணக்குகள் சுமார் 14,000தான். உறவினரைத் தேடித் தரும் வசதி வழியாக மற்றவர்களும் மாட்டினார்கள். 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலானதாக நீதிமன்றம் போனபோது, யார் கைக்கு அந்த எச்சில் போகும் என்ற கவலை வேறு.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் தோசைக்குக் காத்திருந்த நேரத்தில், படிவத்தை அம்மா முன் விரித்தேன். ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொன்னேன். அரை மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சட்னியைத் தொட்டபடியே, "உங்க தாத்தாவும் அப்படித்தான் போனாரு. தோட்டத்துல, பால் மரத்தடியில. வயசு 50 கூட ஆகல. பாம்பு கடிச்சிருச்சுன்னு ஊருக்குச் சொன்னோம்" என்றார்.

முப்பத்தைந்து வருடமாக எனக்கும் பாம்புதான்.

"எழுதிக் குடு" என்றார். நான் எழுதினேன்.

'உடல்நலம் சார்ந்த முக்கியமான முடிவு தெரிந்தால் உங்களுக்குத் தெரிவிக்கலாமா?' என்ற கேள்வியில் பேனா நின்றது. தங்கையை அழைத்தேன். "நீ தெரிஞ்சுக்கோக்கா. எனக்குச் சொல்லாத. மூஞ்சியிலயும் காட்டாத" என்றாள். மூன்றாவது நிபந்தனைதான் கஷ்டம். வானொலியில் இருப்பவளுக்கு முகத்தை அடக்கிப் பழக்கமில்லை.

'ஆம்' என்று குறித்தேன். அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு போய்ச் சில குழாய்கள் கொடுத்துவிட்டு வந்தேன். அந்த நேயர் மறுபடி அழைத்தபோது, "குடுத்துட்டேண்ணே" என்றேன். தாத்தாவின் பாம்பைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கு மூன்று நிமிடம் போதாது.

இதை எழுதுவதற்கு அம்மாவிடம் அனுமதி வாங்கினேன். தங்கையிடமும் கேட்டேன். பெயர் போடாதே என்றாள்.