தாராசிங் கார்டு யார்கிட்ட இருக்கு?

ட்ரம்ப் கார்டு ஆடியிருக்கீங்களா பாஸ்? ரம்மி, மங்காத்தா ரேஞ்சுக்குப் போயிடாதீங்க... நான் சொல்றது ரெஸ்லிங் கார்டு! சயின்ஸ் புக்குக்கு நடுவுல ஒளிச்சு வெச்சு கடைசி பெஞ்ச்ல ஆடுவோமே, அதேதான். உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், போட்ட ஃபைட், ஜெயிச்ச ஃபைட், ரேங்க்... யோக்கோசுனா மட்டும் கைக்கு வந்துட்டா, "வெயிட்!"னு கத்தி கார்டைத் தட்டுறப்ப வர்ற கெத்து, செமஸ்டர்ல ஆல் க்ளியர் பண்ணினாக்கூட வராது.

என்கிட்ட இருந்தது அண்ணன் காலத்துக் கட்டு. முனையெல்லாம் மழுங்கி, நாலு கார்டு காணாமப் போயிருந்தாலும் அது சொத்து! இப்போ இன்ஜினீயரிங் மூணாவது வருஷத்துல உட்கார்ந்து யோசிச்சா, அந்தக் கட்டுல ரெண்டு விஷயம் மிஸ்ஸிங். ஒண்ணு, திறமைக்குன்னு ஒரு கட்டமே கிடையாது. பைசெப்ஸ் எத்தனை இஞ்சுன்னு இருக்கு. ஆளுக்கு மல்யுத்தம் தெரியுமா, தெரியாதாங்கிறது இல்லை. ரெண்டாவது... தாராசிங் இல்லை!

தெருவுல எவனாவது சட்டைக் கையை மடிச்சுவிட்டு சவுண்டு விட்டா, "பெரிய தாராசிங்னு நெனப்பு!"னு இன்னிக்கும் நம்ம வீட்டுப் பெரியவங்க சொல்றாங்க. "பெரிய யோக்கோசுனானு நெனப்பு"னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? அப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரு கார்டு இல்லாமப் போனது எப்படி?

இந்தக் கேள்விதான் ஒரு மாசமா குன்றத்தூர்ல எங்க ரூம்ல ராத்திரிப் பஞ்சாயத்து. மொத்தம் மூணு கட்சி. நான் ஜான் சீனா. ஒரகடத்துல டிரெய்னியா வேலை பார்க்கிற என் ரூம்மேட், காமா பயில்வான். மொட்டைமாடிக்குக் காத்து வாங்க வர்ற ஹவுஸ் ஓனர் தாத்தா, கிங்காங்! (குரங்கு இல்லீங்க. நம்ம சினிமா காமெடி நடிகரும் இல்லை.)

தாத்தாவோட கிங்காங், ஹங்கேரியில இருந்து கிளம்பி வந்த எமில் சாயாங்கிற மனுஷர். எடை 180 கிலோவுக்கு மேலன்னு போஸ்டர்லயே போட்டுத்தான் டிக்கெட் வித்தாங்க. 1950-கள்ல இந்தியா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர்னு ஊர் ஊரா மோதினார். தாத்தா பள்ளிக்கூடம் போற வயசுல மெட்ராஸ்ல பார்த்தாராம். "எப்படித் தாத்தா சண்டை போட்டார்?"னு கேட்டா, "யாருக்குடா தெரியும்? எனக்கு டிக்கெட் கடைசி வரிசை. வயிறு முதல்ல வந்துச்சு, அப்புறம்தான் ஆளே வந்தான்!"னு சிரிக்கிறார்.

கவனிச்சீங்களா? அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒரு பிடிகூட ஞாபகம் இல்லை. ஆனா, ஆள் மறக்கலை!

இப்படிக் கட்சி கட்டி அடிச்சுக்கிறது டிவி வந்தப்புறம்தான்னு நெனச்சீங்கன்னா, புறநானூறைப் புரட்டுங்க. (நானும் பரீட்சைக்குத்தான் புரட்டினேன்.) போரவைக் கோப்பெருநற்கிள்ளின்னு ஒரு சோழன், ஆமூர்ல ஒரு மல்லனோட மோதி ஜெயிச்சிருக்கார். சாத்தந்தையார் அந்தச் சண்டையைப் பாடியிருக்கார். அதைவிட சூப்பர், நக்கண்ணையார். அவங்களுக்கு அந்த ராஜா மேல ஒரு இது! ஊர்ல பாதிப் பேர் 'அவன்தான் ஜெயிச்சான்'ங்கிறாங்க, மீதிப் பேர் 'அதெல்லாம் இல்லை'ங்கிறாங்க. இவங்க கால் சிலம்பு சத்தம் போட ஓடிப்போய், ஒரு பனைமரத்தை ஒட்டி நின்னு, அவன் ஜெயிச்சதைத் தன் கண்ணாலயே பார்த்துட்டதா 85-வது பாட்டுல சொல்றாங்க. இன்னிக்கு அந்த மல்லன் பேரு யாருக்கும் தெரியாது. ஊர் பேர் மட்டும்தான் மிச்சம். சோழனுக்கு வாய்ச்ச மாதிரி அவனுக்கு ஒரு நக்கண்ணை வாய்க்கலை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கமும் கதை இதுதான்... கேமரா யார் பக்கம் இருக்கோ, அவர்தான் ஃபேமஸ்!

சரி, திறமை? அங்கேதான் ரூம்மேட் உள்ளே பூந்தான். "மச்சி, 1910 தெரியுமா உனக்கு?"ன்னான்.

1910 செப்டம்பர் 10, லண்டன். போலந்து மலை மாதிரி ஸ்பிஸ்கோ ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நம்ம காமா. உயரம் 5 அடி 8 அங்குலத்தைத் தாண்டாது. நம்ம கார்டுல வந்திருந்தா 'ஹைட்'டுன்னு சொல்லியே தோக்கடிச்சிருப்போம். ஆனா, அன்னிக்கு ஸ்பிஸ்கோ பண்ணினது என்ன தெரியுமா? தோக்காம இருக்கணும்னு விரிப்புல குப்புறப் படுத்துட்டு எழுந்திருக்கவே மறுத்துட்டார். ரெண்டரை மணி நேரத்துக்கு மேல இதே கூத்து. டிரா. ஒரு வாரம் கழிச்சு மறுபடி மோதணும்னு தேதி குறிச்சாங்க. ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பதினெட்டு வருஷம் கழிச்சு, 1928-ல பாட்டியாலாவுல ரெண்டு பேரும் மறுபடி மோதினப்ப, ஒரு நிமிஷம் முடியறதுக்குள்ள மனுஷனைக் கீழே சாய்ச்சுட்டார் காமா.

எனக்கு இதுல பிடிச்சதே அந்தக் குப்புறப் படுத்த ரெண்டரை மணி நேரம்தான். எதிர்ல நிக்கிறவன் எழுந்திருக்கவே பயப்படுறான் பாருங்க, அதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எந்த ரேங்க்கிங்லயும் கிடைக்காது. ஆனா, டிக்கெட் வாங்கி வந்த லண்டன்காரன் நிலைமையை நெனைச்சுப் பாருங்க... செம போர்! நிஜமான மல்யுத்தத்துக்கு அப்பவே இருந்த சிக்கல் இது. திறமை கூடக் கூட, பார்க்கிறவனுக்கு ஒண்ணும் நடக்காத மாதிரி இருக்கும்.

அந்தச் சிக்கலைத் தீர்த்தவர்தான் தாராசிங். பஞ்சாப்ல தர்முசக் கிராமத்துக்காரர். 1940-களோட கடைசியில சிங்கப்பூர் போய், டிரம் செய்யற ஃபேக்டரியில வேலைக்குச் சேர்ந்தார். ஆமாங்க, நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பசங்க மாதிரி ஃபேக்டரி வேலைதான்! அங்கேயே ஹர்ணாம் சிங்கிட்ட பயிற்சி. 1954-ல 'ருஸ்தம்-இ-ஹிந்த்' பட்டம். 1968-ல பம்பாயில லூ தெஸ் கூட மோதி ஜெயிச்சார். தெஸ்ஸுக்கு அப்போ வயசு 52-ங்கிறதையும் சேர்த்தே சொல்லிடணும், இல்லேன்னா ரூம்ல அடி விழும். ஆனா, தெஸ் சாதாரண ஆளில்லை. அமெரிக்காவுல நிஜமாவே பிடி தெரிஞ்ச சாம்பியன்னு எல்லாரும் மதிச்சவர்.

கிங்காங் - தாராசிங் மேட்டருக்கு வருவோம். அதே ரெண்டு பேர், ஊர் ஊரா, டிக்கெட் போட்டு, வருஷக்கணக்கா மோதுறாங்க. நீங்களே யோசிங்க பாஸ்... நிஜமா எலும்பை உடைச்சுக்கிட்டா அடுத்த வாரம் அடுத்த ஊர்ல எப்படிச் சண்டை போடறது? இதை தாத்தாகிட்ட சொன்னப்ப, ரெண்டு நாள் மாடிப் பக்கமே வரலை!

அப்புறம் 1987. தூர்தர்ஷன் 'ராமாயண்'ல தாராசிங் அனுமார். இந்தி ஒரு வார்த்தை தெரியாத எங்க பாட்டிகூட ஞாயித்துக்கிழமை குளிச்சுட்டு வந்து உட்காருவாங்களாம். மல்யுத்தமே பார்க்காத வீட்டுக்குள்ளயும் தாராசிங் இப்படித்தான் நுழைஞ்சார். அவர் 2012-ல இறந்தார். 2020 லாக்டவுன்ல அதே சீரியலை மறுபடி போட்டப்ப, நானும் பாட்டி பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். டபிள்யூ.டபிள்யூ.இ. அவரை 'ஹால் ஆஃப் ஃபேம்'ல சேர்த்தது 2018-ல. நம்ம பாட்டிங்க முப்பது வருஷம் முன்னாடியே சேர்த்தாச்சு.

எங்க அண்ணன் செட்டுக்கு டென் ஸ்போர்ட்ஸ்தான் கோயில். அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர்னு சத்தியம் பண்ணின ஜெனரேஷன் அது. 2006-ல காலி வந்து அதே அண்டர்டேக்கரைச் சாய்ச்சப்ப, ஸ்கூல்ல ரெண்டு நாள் பாடமே நடக்கலையாம். 2007 ஜூலையில வேர்ல்டு ஹெவிவெயிட் சாம்பியன். இமாச்சல்ல சின்ன வயசுல கூலி வேலை பார்த்து, பஞ்சாப் போலீஸ்ல சேர்ந்து, அங்கேருந்து அமெரிக்கா போன மனுஷர். ஏழடி. ஆனா, திறமைன்னு பார்த்தா... காலி ஃபேன்ஸ் அடிக்க வராதீங்க! ரிங்குக்குள்ள திரும்பவே அவருக்கு நேரம் பிடிக்கும். காமாவை அவர் முன்னாடி நிறுத்தினா, அண்ணன் முதல் கொட்டாவி விடறதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருக்கும். ஆனா, தெருவுல காமாவைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர், காலியைத் தெரிஞ்சவங்க எத்தனை பேர்?

"அதெல்லாம் ஸ்கிரிப்ட்தானே பாஸ்?"னு நீங்க கேட்கிறது காதுல விழுது. ஆமா, ஸ்கிரிப்ட்தான். அதை அவங்களே 1989-ல நியூ ஜெர்சி செனட்ல ஒத்துக்கிட்டாங்க. இது விளையாட்டு இல்லை, பொழுதுபோக்குன்னு. (விளையாட்டுன்னா அரசாங்கத்துக்கு வரி, கண்காணிப்புன்னு தொல்லை. அதுக்காக உண்மையைச் சொல்லிட்டாங்க!) ஜெயிக்கிறது யாருங்கிறதுதான் ஸ்கிரிப்ட். கீழே விழறது ஸ்கிரிப்ட் இல்லையே?

நான் மெக்கானிக்கல் பையன். எனக்கு அந்த விழற மேட்டர்தான் ஆச்சர்யம். ரிங்னா ஏதோ மெத்தைன்னு நெனைக்காதீங்க. இரும்புச் சட்டம், மேல பலகை, அதுக்கு மேல மெல்லிசா ஃபோம், கேன்வாஸ். அவ்வளவுதான். அதுல விழறப்ப தாடையை நெஞ்சோட ஒட்டிக்கிட்டு, முதுகு முழுக்க ஒரே நேரத்துல தரையில படற மாதிரி விழணும். ஃபோர்ஸ் அதேதான், ஏரியாவைக் கூட்டினா பிரஷர் குறையும்... ஃபர்ஸ்ட் இயர் பாடம்! எதிராளியைத் தூக்கிப் போடறவன் அவன் கழுத்துக்குப் பொறுப்பு. 1998-ல மிக் ஃபோலி கூண்டு உச்சியிலேருந்து டேபிள் மேல விழுந்தது ஸ்கிரிப்ட்தான். ஆனா, பதினாறு அடியும் நிஜம், புவியீர்ப்பும் நிஜம்.

ஒரு நாள் ராத்திரி தாத்தாவுக்கு ஜான் சீனா ஃபைட் ஒண்ணை போன்ல போட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் துடைச்சுட்டு முழுசாப் பார்த்தார். கிண்டல் பண்ணப் போறார்னு ரெடியா இருந்தேன். "நல்லா விழறான்டா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு சீனா 17 தடவை சாம்பியன் ஆனதைவிட அது பெருசாப் பட்டுச்சு. 2025 டிசம்பர்ல, தன் கடைசி ஃபைட்ல, குந்தர் பிடியில மாட்டித் தட்டித் தோத்துட்டுத்தான் சீனா வீட்டுக்குப் போனார். ஜெயிச்சுட்டே போயிருக்கலாம். புதுசா வர்றவனைப் பெரியாளாக்கிட்டுப் போறதும் அந்தத் தொழில்ல ஒரு திறமைதான். அது காமாவுக்குத் தேவைப்படலை. காமாவோட பிடி சீனாவுக்குத் தேவைப்படலை. ரெண்டையும் ஒரே கட்டத்துல எழுதவே முடியாது.

தாராசிங்குக்குக் கொஞ்சம் அதுவும் இருந்தது, இதுவும் இருந்தது. அதனால என் ஓட்டை சீனாகிட்டேருந்து எடுத்து தாராசிங்குக்குப் போட்டுட்டேன். ரூம்மேட் மட்டும் ஒத்துக்கலை. "நீங்க எல்லாரும் பேர் தெரிஞ்சவனுக்குத்தான்டா ஓட்டுப் போடறீங்க"ன்னான்.

அவன் அப்படிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அவன் காதைப் பார்த்தாலே தெரியும். மடல் மடங்கி, ஆறிப்போன போண்டா மாதிரி இருக்கும். விரிப்புல தேய்ஞ்சு தேய்ஞ்சு வந்தது. ஸ்கூல் படிக்கிறப்ப ஸ்டேட் லெவல் வரைக்கும் போனவன். இப்பவும் லீவு நாள்ல விடியக்காலையில குன்றத்தூர் முருகன் கோயில் படியில ஏறி இறங்கி ஓடறான். படியேறுற பக்தர்கள், ஏதோ வேண்டுதல் போலன்னு வழிவிடறாங்க! கம்பெனி பஸ்ல கூட வர்ற பசங்களுக்கே இவன் மல்யுத்தம் பண்றவன்னு தெரியாது. பைக்லேருந்து விழுந்த காதுன்னு நெனைச்சுட்டிருக்காங்க.

அவன்தான் எனக்கு கே.டி.ஜாதவ் கதையைச் சொன்னான். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக். ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்துல வெண்கலம். சுதந்திர இந்தியாவோட முதல் தனிநபர் மெடல்! போறதுக்குக் காசில்லாம, அவர் படிச்ச காலேஜோட பிரின்சிபால் தன் வீட்டை அடமானம் வெச்சு 7,000 ரூபாய் கொடுத்து அனுப்பினார். ஸ்கிரிப்ட் கிடையாது, போஸ்டர் கிடையாது. திரும்பி வந்து போலீஸ் வேலை. 1984-ல விபத்துல இறந்துட்டார். அர்ஜுனா விருது கொடுத்தது அதுக்கும் பதினாறு வருஷத்துக்கு அப்புறம். கிட்டத்தட்ட அதே வருஷங்கள்லதான் தாராசிங்கும் கிங்காங்கும் ஸ்டேடியம் ஸ்டேடியமா நிரப்பிட்டிருந்தாங்க. எங்க தாத்தா கிங்காங்கோட வயிறு வரைக்கும் ஞாபகம் வெச்சிருக்கார். ஜாதவ்னு சொன்னா, "யாருப்பா அது?"ங்கிறார்.

வர்ற ஞாயித்துக்கிழமை ரூம்மேட்டுக்கு ஒரு செலக்‌ஷன் இருக்கு. 65 கிலோ பிரிவு. காலையில ஆறு மணிக்கு எடை பார்ப்பாங்க. சனிக்கிழமை அவனுக்கு நைட் ஷிஃப்ட். மாத்திக்க ஆள் தேடி, மூணு நாளா கம்பெனி வாட்ஸ்அப் குரூப்ல கெஞ்சிட்டிருக்கான். ஒன்றரை கிலோ வேற இறக்கணும். அதனால ரூம்ல பரோட்டாவுக்குத் தடை. தாத்தா மட்டும், "எங்கடா நடக்குது? முதல் வரிசையில உட்கார விடுவானா?"ன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார். அங்கே வரிசையே கிடையாது தாத்தா, விரிப்பைச் சுத்தி நின்னுக்க வேண்டியதுதான்னு சொல்லியிருக்கேன். குடை எடுத்து வெச்சுட்டார்.